குட்டியைத் தின்ற தாய் ஹாம்ஸ்டர்: கூண்டுக்குள் என்ன நடந்திருக்கும்?

கேள்வி இதுதான். பத்து வயது மகளுக்காக ஒருவர் எலியைப் போன்ற சிறு பிராணியான பொன்னிற ஹாம்ஸ்டர் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். வந்த பன்னிரண்டாம் நாள் அது ஒன்பது குட்டிகள் போட்டது. கூண்டு நாறுகிறது என்று மறுநாள் மாலையே பழைய மரத்தூளைக் கொட்டிவிட்டுப் புதிது போட்டு, குட்டிகளைக் கையால் எடுத்துப் பஞ்சின்மேல் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஐந்து குட்டிகள்தான் இருந்தன. தட்டின் ஓரத்தில் பாதி உடல் ஒன்று கிடந்தது. மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இது என்ன பிறவி? மீதி ஐந்தையாவது தாயிடமிருந்து பிரித்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அவசரம். பிரிக்காதீர்கள். அந்த ஐந்தும் பிழைக்க இன்றைக்கு இருக்கும் ஒரே வழி அந்தத் தாய்தான். பிறந்த ஹாம்ஸ்டர் குட்டியின் எடை இரண்டு, மூன்று கிராம். ஒரு ரூபாய் நாணயம் அதைவிடக் கனம். கண்ணும் காதும் மூடியிருக்கும், உடம்பில் ஒரு மயிர் இருக்காது. முதல் இரண்டு வாரத்துக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் திறனும் கிட்டத்தட்டக் கிடையாது. குளிர்ந்தால் அதற்குத் தெரிந்தது இரண்டே காரியம்: சூடு இருக்கும் பக்கமாக ஊர்ந்து போகும், நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியில் கத்தும். அந்தக் கத்தல் தாயின் காதுக்கு எட்டும். பிறந்த குட்டிக்குச் சிறுநீர் கழிக்கக்கூடத் தாய் அடிவயிற்றை நக்கிவிட வேண்டும். இதையெல்லாம் சொட்டுக் குழாயையும் மின்விளக்கையும் வைத்துக்கொண்டு நீங்கள் செய்து முடிப்பது நடக்கிற காரியம் அல்ல.

இனி, என்ன நடந்திருக்கும் என்பதைப் பார்ப்போம். ஆய்வுக்கூடப் பிராணி இல்லம் ஒன்றில் பல ஆண்டுகள் ஹாம்ஸ்டர்களோடு பழகியவன் நான். முதல் மாதத்தில் நானும் நீங்கள் செய்த அதே தவற்றைச் செய்தேன். குட்டி போட்டு இரண்டு நாளான கூண்டை, நாற்றம் தாங்காமல், சுத்தமாகக் கழுவித் துடைத்து வைத்தேன். மறுநாள் கூட்டில் ஒரு குட்டிகூட இல்லை. அங்கே முப்பது ஆண்டாக வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கூண்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பச்சை உடம்புக்காரி வீட்டில் வெள்ளையடிக்கப் போனாயா தம்பி?" அன்றிலிருந்து, குட்டி போட்ட கூண்டின் தேதி அட்டையை அவர் கவிழ்த்து மாட்டச் சொன்னார். கவிழ்த்த அட்டை என்றால் பத்து நாளுக்குத் தண்ணீரும் தீனியும் மட்டும். வேறு எதற்கும் அந்தக் கூண்டில் கை நுழையக்கூடாது.

ஹாம்ஸ்டருக்குக் கண் சுமார்தான். அதன் உலகம் மூக்கில் இருக்கிறது. விலாப்பக்கத்துச் சுரப்பியால் தேய்த்துத் தேய்த்துத் தன் மணத்தைக் கூண்டு முழுவதும் பூசி வைத்திருக்கும். அந்த மரத்தூளைக் கொட்டியபோது அதன் வீட்டையே கொட்டிவிட்டீர்கள். குட்டிகளின்மேல் புதிதாகச் சோப்பு மணமும் மனித வியர்வை மணமும் ஏறியிருக்கும். முதல் சில நாளில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரிய வேண்டுமானால், நமக்குப் பிடிக்காத ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். பெண் ஹாம்ஸ்டரின் இயல்பான நிலை குட்டிகளைச் சகிப்பதே அல்ல. குட்டி ஈனாத பெண்ணின் கூண்டுக்குள், அப்போதுதான் பிறந்த குட்டி ஒன்றை வைத்தால் பெரும்பாலும் கடித்துக் கொன்றுவிடும். சினைக்காலத்தின் கடைசியில் ஹார்மோன்கள் மாற, அதே பெண் கூடு கட்டத் தொடங்கி, குட்டி போட்டவுடன் நக்கவும் அணைக்கவும் தொடங்குகிறது. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அந்தச் சுரப்பை மருந்தால் தடுத்தபோது தாய்மார் தங்கள் குட்டிகளையே தின்றதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஆக, முதல் வாரத்தின் தாய்மை அப்போதுதான் உறைய ஆரம்பித்த தயிர். பானையை அசைக்காமல் வைத்திருந்தால் தானாக இறுகிவிடும்.

அதற்குள் அது செய்து முடித்திருக்கும் வேலையையும் கொஞ்சம் பாருங்கள். ஹாம்ஸ்டரின் சினைக்காலம் 16 நாள். நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளில் இதைவிடக் குறுகியது இல்லை. உங்கள் வீட்டில் 12 நாள் போக, கடையில் இருந்தபோதே நான்கு நாள் ஆகியிருக்கிறது. ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் போட்டு விற்கிற கடைகளில் இது அடிக்கடி நடக்கும். அந்த நான்காம் நாள் சினையோடுதான் உங்கள் ஹாம்ஸ்டர் புதிய வீட்டுக்கு வந்து, புதிய கைகளால் தூக்கப்பட்டு, ஒரு குழந்தையின் விளையாட்டுப் பொருளாகவும் இருந்திருக்கிறது. பிறகு ஒரே இரவில் ஒன்பது குட்டிகள். ஈனும்போது அது ஒவ்வொரு குட்டியையும் பல்லால் பற்றி இழுத்து, பனிக்குடச் சவ்வைக் கிழித்து நக்கி, தொப்புள்கொடியைக் கடித்து, நஞ்சுக்கொடியைத் தின்றுவிடும். அப்போதே ஒரு சவலைக் குட்டியோ செத்துப் பிறந்த குட்டியோ இருந்தால் அதுவும் நஞ்சுக்கொடியோடு சேர்ந்து போகும். வெளியே ரத்தமும் மணமும் தங்கினால் மோப்பம் பிடித்து வேறு பிராணி வரும் என்பது காட்டு வாழ்க்கையின் கணக்கு.

அந்தக் காட்டு வாழ்க்கையிலிருந்து இது நம் கூண்டுக்கு வந்த கதையிலும் இதே சம்பவம் இருக்கிறது. பொன்னிற ஹாம்ஸ்டரின் சொந்த ஊர் சிரியாவின் அலெப்போ. 1839-இல் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதன் பிறகு வெகு காலம் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் சால் ஆட்லர் என்ற ஒட்டுண்ணியியல் அறிஞருக்கு லீஷ்மேனியா கிருமியை ஆராய ஒரு சிறு பிராணி தேவைப்பட்டது. நம் நாட்டில் காலா அசார் என்ற நோயைத் தருகிற அதே கிருமிக் குடும்பம். அவருக்காக இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் 1930-இல் அலெப்போ பக்கம் போய், ஊர்த் தலைவர் ஏற்பாடு செய்துதந்த ஆட்களை வைத்துக் கோதுமை வயல் ஒன்றைத் தோண்டினார். கிட்டத்தட்ட எட்டடி ஆழத்தில் ஒரு கூடு அகப்பட்டது. உள்ளே ஒரு தாயும் பதினொரு குட்டிகளும்.

அப்படியே தூக்கிப் பெட்டியில் போட்டார்கள். பெட்டிக்குள் போனவுடன் தாய் செய்த முதல் காரியம், தன்னை நோக்கி மிக அருகில் ஊர்ந்து வந்த குட்டியின் தலையைத் துண்டித்தது. மற்றவற்றையும் கொன்றுவிடும் என்று பயந்து, தாயைச் சயனைடு வைத்துக் கொன்றார்கள். கண் திறக்காத அந்தக் குட்டிகளை அஹரோனியும் அவர் மனைவியும் கையால் வளர்த்தார்கள். கையால் வளர்ப்பது நடக்காது என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்குதான். ஆனால் அவை பிறந்து கொஞ்ச நாளான குட்டிகள், வளர்த்தவர் வாழ்நாள் முழுவதும் விலங்குகளோடு இருந்தவர். பிறகு அவற்றில் சில தப்பி ஓடின, சில செத்தன. மிஞ்சிய அண்ணன் தங்கைகள் இணைந்து பெருகின. 1931-இல் ஆட்லர் சிலவற்றைக் கோட்டுப் பையில் மறைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். இன்று உலகெங்கும் கடைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருக்கும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாம் அந்த ஒரே கூட்டின் வழித்தோன்றல்கள். உங்கள் மகளின் ஹாம்ஸ்டரும் அந்தத் தலை துண்டித்த தாயின் வம்சமாகத்தான் இருக்கும். அந்தத் தாயிடம் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. எட்டடி மண்ணுக்கு அடியில் இருந்த வீட்டை மண்வெட்டியால் பிளந்து, அதைப் பெட்டியில் போட்டது யார்?

(தமிழில் ஹாம்ஸ்டரை வெள்ளெலி என்று சிலர் எழுதுகிறார்கள். நம் வயற்காட்டு வேறோர் எலிக்கும் அந்தப் பெயர் உண்டு என்பதால் நான் ஹாம்ஸ்டர் என்றே எழுதுகிறேன்.)

கூட்டைக் கலைத்தது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. யாரும் தொடாத கூண்டிலும் தாய்மார் ஒன்றிரண்டைத் தின்பது உண்டு. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டே, கேலெஃப் என்ற இருவர் இதை 1977-இல் நேரடியாகச் சோதித்தார்கள். சோதனை எளிமையானது. ஈன்ற தாயின் கூட்டில் வேறு குட்டிகளைக் கூடுதலாகச் சேர்த்தால், தாய் கூடுதலாகத் தின்றது. சில குட்டிகளை எடுத்துவிட்டால், தின்பது குறைந்தது. அதாவது, எத்தனை குட்டிகளை வளர்க்க முடியும் என்று அதன் உடம்பு ஓர் அளவு வைத்திருக்கிறது. முதல் சில நாளுக்குள் அந்த அளவுக்குக் கூட்டைச் சரிசெய்துகொள்கிறது. அதை வெறித்தனம் என்று எழுதாமல் தாய்மை நடத்தையின் ஓர் அங்கம் என்றே அவர்கள் எழுதினார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. மடிக் காம்புகள் பன்னிரண்டுக்கு மேல் இருக்கும், ஆகவே காம்பு போதாமை இல்லை. போதாதது பாலும், அந்தப் பாலைச் சுரக்கும் தாயின் தீனியும். கொல்லப்பட்ட குட்டியின் சதை திரும்பத் தாயின் உடம்புக்கே போய், மீதிக் குட்டிகளுக்குப் பாலாகிறது. கேட்கக் கொடுமையாக இருக்கிறது. கணக்கு சரியாக இருக்கிறது.

தீனி என்றதும் நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை, பிரான்சில் நடந்ததை. ஜெர்மனியை ஒட்டிய அல்சாஸ் பகுதியில் ஐரோப்பிய ஹாம்ஸ்டர் என்ற பெரிய இனம் காடு கழனிகளில் வாழ்கிறது. வயிறு கறுப்பாக இருக்கும். அது அழிந்துகொண்டே வந்தது. போதிய பாதுகாப்புத் தரவில்லை என்று 2011-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமே பிரான்சைக் கண்டித்தது. காரணம் தேடியவர்களில் ஸ்ட்ராஸ்பூர்க்கைச் சேர்ந்த மத்தில்த் திசியே ஒருவர். முன்பு பல பயிர் விளைந்த அந்த நிலத்தில் இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். அதனால் அவர் கூண்டிலிருந்த பெண் ஹாம்ஸ்டர்களில் சிலவற்றுக்குக் கோதுமையும், சிலவற்றுக்கு மக்காச்சோளமும் கொடுத்தார். இரண்டோடும் மண்புழுவோ க்ளோவர் என்ற தீவனச் செடியோ சேர்த்தார். குட்டிகள் பிறப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. கோதுமை தின்ற தாய்மாரின் குட்டிகளில் ஐந்தில் நான்கு பால் மறக்கும்வரை பிழைத்தன. மக்காச்சோளம் தின்ற தாய்மாரின் குட்டிகளில் நூற்றுக்கு ஐந்து.

மற்றவை எங்கே போயின? தாய்கள் கூட்டில் படுக்கவே இல்லை. கூண்டைச் சுற்றிச் சுற்றி ஓடின, தீனித் தொட்டியில் ஏறி மோதின. குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய், தாங்கள் சேர்த்து வைத்திருந்த மக்காச்சோளக் குவியலோடு வைத்து, உயிரோடு தின்றன. நாக்கு வீங்கிக் கறுத்திருந்தது. இது பழைய நோய். மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை மனிதர்களுக்கு வந்த பெலக்ரா: தோல் வெடிக்கும், வயிறு போகும், புத்தி பேதலிக்கும். மக்காச்சோளத்தில் உள்ள வைட்டமின் பி3 உடம்பில் சேராத வடிவத்தில் கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோவின் பழங்குடிகள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அந்தக் கட்டை அவிழ்த்தார்கள். பயிரை எடுத்துக்கொண்டு போன ஐரோப்பியர்கள் அந்தப் பக்குவத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஹாம்ஸ்டர் தாய்களின் மக்காச்சோளத்தோடு பி3 சேர்த்துக் கொடுத்தவுடன், அவை குட்டிகளை அணைத்துப் பால் கொடுத்தன. 2017-இல் வெளிவந்த ஆய்வு இது. படித்த அன்று, கெட்ட தாய் என்று நானே ஏசிய சில ஹாம்ஸ்டர்கள் ஞாபகத்துக்கு வந்தன.

உங்கள் வீட்டில் தீனி என்ன என்று நீங்கள் எழுதவில்லை. கடைப் பாக்கெட்டில் உள்ள சூரியகாந்தி விதையும் உலர்ந்த மக்காச்சோளமும் மட்டும்தான் என்றால், இன்றே மாற்றுங்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு போடுவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள்: வேகவைத்த முட்டை கொஞ்சம், உப்பில்லாத பனீர் ஒரு சிட்டிகை, ஊறவைத்த ஓட்ஸ், கோதுமை, நல்ல உருண்டைத் தீனி. கூட்டின் அருகே கை போகாமல் எதிர்மூலையில் வையுங்கள். அதைவிட முக்கியம் தண்ணீர். பால் சுரக்கிற உடம்பு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாட்டில் நிறைய இருந்தும் குழாய் நுனியில் உள்ள சிறு குண்டு அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டு வராது; ஓர் இரவு அப்படிப் போனால் காலையில் குட்டி குறையும். தினமும் விரல் நுனியால் அந்தக் குண்டைத் தள்ளிப் பாருங்கள்.

பஞ்சை என்ன செய்வது என்பது சங்கடமான விஷயம். பஞ்சு நூல் குட்டியின் காலில் சுற்றி இறுக்கிவிடும். ஆனால் அதை எடுக்கப் போனால் கூட்டை மறுபடி கலைக்க வேண்டும். வெள்ளை டிஷ்யூ தாளைக் கிழித்துக் கூண்டின் ஓரத்தில் போடுங்கள். தாய் தானே இழுத்துக்கொண்டு போய்ப் பின்னிக்கொள்ளும். பஞ்சை மெல்ல ஒதுக்கவும் செய்யும். கூண்டின் மூன்று பக்கத்தை மெல்லிய துணியால் மறைத்து, வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த, வெயில் விழாத இடத்தில் வையுங்கள். பால் கொடுக்கும் தாயின் உடம்பு அடுப்புபோல் சுடும். புழுக்கமான அறையில் அது குட்டிகளை விட்டு விலகிப் போய்ப் படுக்கும், தீனியும் குறைத்துவிடும். அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள், ஆனால் மின்விசிறிக் காற்று நேராகக் கூட்டில் படக்கூடாது. கூண்டில் ஆண் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது.

ஆண் என்றதும் ஒரு கிளைக்கதை. எல்லா ஹாம்ஸ்டர் தகப்பனும் தள்ளி வைக்க வேண்டியவன் அல்ல. மங்கோலியப் பக்கத்துக் கேம்பெல் குள்ள ஹாம்ஸ்டரில் தகப்பன்தான் மருத்துவச்சி. பிரசவ நேரத்தில் பெண்ணின் பக்கத்தில் நின்று, வெளியே வரும் குட்டியைக் கையாலும் பல்லாலும் இழுத்தெடுத்து, மூக்கை அடைத்திருக்கும் சளியை நக்கி மூச்சு விடவைத்து, நஞ்சுக்கொடியிலும் பங்கு தின்னும். கனடாவில் ஜோன்ஸ், வின்-எட்வர்ட்ஸ் இருவரும் இதை 2000-இல் விவரித்தார்கள். கடுங்குளிர் நிலத்தில் தாய் தீனி தேடப் போனால் குட்டிகள்மேல் படுத்துச் சூடு காக்க இன்னொரு உடம்பு வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது தனித்து வாழும் சிரியா இனம். அலெப்போ வயல்களில் வளை வளையாகப் பார்த்தவர்கள் ஒரு வளையில் ஒரு பெரிய ஹாம்ஸ்டருக்கு மேல் காணவில்லை. அங்கே பெண்கள் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் வெளியே வந்து தீனியைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு திரும்பும். மீதிப் பொழுதெல்லாம் மண்ணுக்கு அடியில். தீனிக்கு ஓர் அறை, தூங்க ஓர் அறை, சிறுநீருக்கு ஒரு முட்டுச்சந்து. நீங்கள் நாற்றம் என்று கொட்டிய மரத்தூளில் பெரும்பகுதி ஒரே மூலையில்தான் நனைந்திருக்கும். பத்து நாள் கழித்து அந்த மூலையை மட்டும் கரண்டியால் அள்ளிவிட்டால் போதும்.

இனி வரும் நாட்களில் உங்களைப் பயமுறுத்தக்கூடிய ஒரு காட்சியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தாய் திடுக்கிட்டால் குட்டியை வாய்க்குள் திணிக்கும். சில சமயம் கன்னப்பைக்குள்ளேயே போய்விடும். விழுங்கிவிட்டது என்று அலறி அதைப் பிடிக்கப் போகாதீர்கள். பூனை குட்டியை ஏழு வீடு மாற்றுவதுபோல் இதுவும் ஓர் இடமாற்றம்தான். சத்தம் அடங்கியதும் வேறு மூலையில் துப்பும். நீங்கள் துரத்தினால்தான் குட்டி பைக்குள்ளேயே மூச்சு முட்டும். கூட்டுக்கு வெளியே ஒரு குட்டி கிடந்தாலும் அரைமணி நேரம் பொறுங்கள். தாய் எடுக்கவில்லை என்றால், அழுக்கு மரத்தூளில் புரட்டிய கரண்டியால் நகர்த்துங்கள், விரலால் வேண்டாம்.

ஏழு, எட்டு நாளில் வேடிக்கை ஆரம்பிக்கும். குட்டிகள் பிறக்கும்போதே முன்பற்களோடு பிறக்கின்றன. கண் திறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே கூட்டைவிட்டு ஊர்ந்து வந்து தீனியைக் கொறிக்கத் தொடங்கும். எங்கே போகிறோம் என்று அதற்கே தெரியாது. தாய் வந்து முதுகைக் கவ்வி உள்ளே இழுத்துப் போடும். திரும்பி வருவதற்குள் அடுத்தது வெளியே வந்திருக்கும். கொல்லப்பட்டதைப் பார்த்த மகள் இதையும் பார்க்க வேண்டும். நடந்ததை அவளிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. நானாக இருந்தால், மரத்தூளை மாற்றிய விஷயத்தை உட்பட, மறைக்காமல் சொல்வேன். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

பதினான்காம் நாள் வாக்கில் கண் திறந்துவிடும். தண்ணீர்க் குழாயைக் குட்டிகளுக்கு எட்டும்படி இறக்கிக் கட்டுங்கள். தீனியைக் கொஞ்சம் நனைத்து வையுங்கள். அப்போது பால் கேட்டுத் தாயைத் துரத்துவார்கள். அது உயரமான இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு முகம் துடைக்கும். மூன்று வாரத்தில் பால் மறந்துவிடும். நான்காம் வாரம் முடிவதற்குள் ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகப் பிரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த வயதிலேயே பெண் குட்டிகள் சினையாகத் தயாராகிவிடும்; பாலினம் பார்க்கத் தெரியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்த இரண்டு, மூன்று வாரத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு வேண்டும். இன்று அணைத்துப் படுத்திருக்கும் அதே தாய், அப்போது தன் மகளையே கூண்டைவிட்டுக் கடித்துத் துரத்தப் பார்க்கும். ஐந்து கூண்டுக்கு இடம் இல்லையென்றால், வளர்க்க ஆசைப்படுகிற வீடுகளை இப்போதே விசாரித்து வையுங்கள்.